பால்கோப்பிக் கள்ளன்

சென்ற இதழில் ஒரு வாசகர், "உங்களுக்குப் பிடித்த தோல்விப் படம் எது?" என்று கேட்டிருந்தார். 'ஹட்சன் ஹோக்' என்று இரண்டே சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இந்தமுறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியவை. ஒருவர் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் தலையில் குட்டாத குறையாக எழுதியிருக்கிறார். அது ஒரு கள்ளனைப் பற்றிய ஹொலிவூட் படம். சரி, இந்த இதழ் முழுக்கக் கள்ளர் கதைதான்.

ஐயா, உங்கள் பேச்சைக் கேட்டு அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்தில் தலையிடி வந்துவிட்டது. இதையா நல்ல படம் என்கிறீர்கள்?
*வங்கி ஊழியர், வவுனியா*

நல்ல படம் என்று நான் எங்கே எழுதினேன் தம்பி? பிடித்த படம் என்றுதான் எழுதினேன். தலையிடியும் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1991 மே மாதம் வெளிவந்த அந்தப் படத்துக்கு ஏறக்குறைய 65 மில்லியன் டொலர் கொட்டினார்கள். அமெரிக்காவில் திரும்பி வந்தது 17 மில்லியன் சொச்சம். மோசமான படங்களுக்கென்றே கொடுக்கிற 'ராஸி' விருதுகளில் மூன்றை வாரிக்கொண்டது: மோசமான படம், மோசமான இயக்கம், மோசமான திரைக்கதை.

பார்க்காதவர்களுக்காகக் கதை. ஹட்சன் ஹோக் என்ற பட்டப்பெயருள்ள எடி ஹோக்கின்ஸ் சுவரேறிக் களவெடுப்பதில் விண்ணன். சிறையிலிருந்து வெளியே வருகிறான். இனிமேல் களவு வேண்டாம், ஒரு கப்புச்சீனோ குடித்தால் போதும் என்பதுதான் அவன் ஆசை. விடுவார்களா? லியனார்டோ டா வின்சி ஈயத்தைப் பொன்னாக்கும் யந்திரம் ஒன்று செய்தாராம். அதை இயக்குகிற பளிங்கைத் துண்டுகளாக்கித் தன்னுடைய மூன்று படைப்புகளுக்குள் ஒளித்து வைத்தாராம். அந்த மூன்றையும் திருடித் தா என்று ஒரு கிறுக்குப் பிடித்த பணக்காரப் புருசன் பெண்சாதியும், சொக்கிலேற்றுகளின் பெயரை வைத்துக்கொண்டு திரிகிற சீ.ஐ.ஏ. ஆட்களும் அவனைப் போட்டு நெருக்குகிறார்கள்.

கதாநாயகன் புரூஸ் வில்லிஸ். மூலக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு. 1988இல் 'டை ஹார்ட்' ஓடி, அவர் என்றால் துப்பாக்கியும் கிழிந்த பெனியனும் என்று உலகம் முடிவுகட்டியிருந்த நேரம். சண்டை பார்க்கப் போன சனத்துக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு களவெடுக்கிற ஒருவனைக் காட்டினால் என்ன செய்யும்? அதோடு, ஒரு காட்சியில் கழுத்தை அறுக்கிறார்கள். இன்னொரு காட்சியில் ஹோக் நோயாளிக் கட்டிலோடு பாலத்தில் வாகனங்களுக்கு நடுவே உருண்டு போகிறான், கீறல்கூட இல்லை. எதற்குப் பதறுவது, எதற்குச் சிரிப்பது என்று தெரியாவிட்டால் தலையிடிதான் வரும். உங்களில் பிழை இல்லை.

அப்படியென்றால் உங்களுக்கு ஏன் பிடித்தது? அதுவும் வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில் எப்படிப் பார்த்தீர்கள்? ஆங்கிலம் யாருக்கு விளங்கியது?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, மல்லாவி*

ஒருவருக்கும் விளங்கவில்லை ரீச்சர். அதுதான் கதையே.

2002இல் ஏ-9 வீதி திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வீ.சீ.டி. தட்டுகள் வரத் தொடங்கின. நான் அப்போது புதுக்குடியிருப்பில் ரேடியோ திருத்துகிற கொட்டில் ஒன்று வைத்திருந்தேன். கூடவே 21 அங்குல ரீவி, பிளேயர், சின்ன ஜெனரேற்றர். இரவுக்கு வாடகைக்குப் போகும். கலியாண வீட்டு வீடியோ, சாமத்திய வீட்டு வீடியோ பார்க்கிறவர்கள்தான் என் முதலாளிகள். அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை இரவு, ஒரு வளவில் படங்கு விரித்து அறுபது எழுபது சனம் இருக்க, போட்ட தமிழ்ப் படம் அரைவாசியில் நின்றுவிட்டது. தட்டில் கீறல். துடைத்துப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், சட்டைத் துணியால் தேய்த்தும் பார்த்தேன். சரிவரவில்லை. பையில் மிச்சமிருந்தது இந்த ஆங்கிலப் படம். "சண்டைப் படம்" என்று சொல்லிப் போட்டுவிட்டேன்.

பத்து நிமிடத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. "என்னவாம் அண்ணை சொல்லுறான்?" என் அப்பா மாங்குளம் ஸ்ரேசனில் வேலை பார்த்தவர். ரயில்வே விதிப்புத்தகத்தை வைத்துத்தான் எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தார். அந்த ஆங்கிலத்தை நம்பி ரீவிக்குப் பக்கத்தில் வாங்கில் ஏறி நின்று கதை சொல்லத் தொடங்கினேன். சிக்னல், தண்டவாளம், பச்சைக்கொடி பற்றி யாராவது கதைத்திருந்தால் வெளுத்து வாங்கியிருப்பேன். அந்தப் படத்தில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கப்புச்சீனோ என்றால் என்னவென்று எனக்கே அப்போது தெரியாது. கோப்பையில் நுரை தெரிந்தது. "பால்கோப்பி" என்றேன். அவன் வாய்க்குக் கொண்டுபோக ஏதாவது ஒன்று வந்து குழப்பும். "பாவம், இந்த முறையும் குடிக்க விடுறாங்களில்லை" என்பேன். மூன்றாம் முறை முன்னுக்கு இருந்த ஒரு ஆச்சி, "எங்கட பசு இப்பதான் கண்டு போட்டிருக்கு. அந்தப் பொடியனை இஞ்சால வரச் சொல்லு" என்றார். அதிலிருந்து சனம் படத்துக்குள் போய்விட்டது. பொன் யந்திரம் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கோப்பிதான் பிரச்சினை.

பிறகு அந்தக் களவுக் காட்சி. ஏலமிடுகிற இடத்துக்குள் ஹோக்கும் கூட்டாளி டொமியும் இரவில் நுழைகிறார்கள், குதிரைச் சிலை ஒன்றை எடுக்க. கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பதில்லை. எந்தப் பாட்டு எத்தனை நிமிடம், எத்தனை செக்கன் என்று இருவருக்கும் மனப்பாடம். ஒரே நேரத்தில் ஒரே பாட்டைத் தொடங்கி, வேறு வேறு மூலையில் பாடிக்கொண்டே தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். பாட்டு, 1944இல் பிங் குரொஸ்பி படத்தில் பாடி ஒஸ்கார் பெற்ற 'சுவிங்கிங் ஒன் எ ஸ்ரார்'.

அந்த இடத்தில் நான் வாயே திறக்கவில்லை. முற்றத்தில் இருந்த பாதிப்பேர் பாட்டால் நேரம் அளந்து பழகியவர்கள். தொண்ணூறுகளில் பற்றரி எங்கள் பக்கம் வரத் தடைசெய்யப்பட்ட சாமான் அல்லவா? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் கொளுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் ரேடியோ கேட்போம். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பாட்டு முறை. அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொன்னதும் தங்கச்சி மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவாள். சின்னப் பாட்டென்றால் பாய்ந்து வந்து பெடலைப் பிடிப்பாள். மூன்று சரணப் பாட்டென்றால் அவளுக்குத் திடீரென்று வயிற்றுவலி. எந்தப் பாட்டில் இடையிசை நீளம் என்பதை எனக்கு இன்றைக்கும் காது சொல்லாது, வலது தோள் சொல்லும். கை தளர்ந்தால் பாட்டு படுத்துவிடும், வீடு முழுக்க ஏச்சு விழும்.

திரையில் டொமி ஒரு வரியைப் பாட, ஹோக் இன்னொரு மூலையில் அடுத்த வரிக்கு நுழைந்தான். பின்னாலிருந்து ஒரு குரல்: "உவங்கள் டைனமோ சுத்தினவங்கள்!" வளவு முழுக்கச் சிரிப்பு. ஆங்கிலப் பகிடிகளை நான் வியர்க்க வியர்க்க மொழிபெயர்த்தும் வராத சிரிப்பு. வேலை தெரிந்த கள்ளன் தன் வேலையைச் செய்கிறதைக் காட்டினால் மொழி தேவையில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. படம் அதை அடிக்கடி மறந்துவிட்டு வாயால் பகிடி விடுகிறது. அதுதான் அதன் தோல்வி.

ஒரு தட்டில் எழுபது சொச்ச நிமிடம்தான் கொள்ளும். நூறு நிமிடப் படத்துக்கு இரண்டு தட்டு. இரண்டாவதும் கிட்டத்தட்ட முடிகிற நேரம், படம் நாலு பக்கத்தாலும் சுருங்கத் தொடங்கியது. பழைய ரீவியில் வோல்ற்றேஜ் விழுந்தால் அப்படித்தான், ஓரம் கறுத்துக்கொண்டு வரும். பெற்றோல் முடிகிறது. தமிழ்ப் படத்துக்கென்று அளந்து ஊற்றிய பெற்றோல், அரைப் படம் கூடுதலாக ஓடினால் எங்கே காணும்? வில்லிஸ் உள்ளங்கையளவு ஆகி, வெள்ளைக் கோடாகி, புள்ளியாகி அணைந்தார். இருட்டுக்குள் ஒரு பொடியன் கேட்டான்: "அண்ணை, அவன் கோப்பி குடிச்சவனோ?"

"குடிச்சவன்" என்று சொல்லிவிட்டு வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

'கற் பேர்க்லர்' (cat burglar) என்பதற்குத் தமிழ் என்ன? பூனைத் திருடன் என்றால் பூனையைத் திருடுகிறவன் என்றல்லவா வருகிறது?
*உயர்தர மாணவி, முள்ளியவளை*

சரியாய்ப் பிடித்தீர் பிள்ளை. சத்தமில்லாமல் கூரையேறி மேல்மாடி யன்னலால் இறங்குகிறவனைத்தான் வெள்ளைக்காரர் பூனை என்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு மரநாய்தான் பொருத்தம். பனையேறி முட்டிக் கள்ளைக் குடித்துவிட்டு, விடியுமட்டும் கூரையில் ஓடித்திரிந்து, ஒருநாளும் ஆளிடம் பிடிபடாத சீவன் அது. சுவரில் துளைபோட்டு நுழைகிறதைக் கன்னம் வைத்தல் என்பார்கள், அதற்கான கருவி கன்னக்கோல். கூரையேறுகிறவனுக்குத் தனிச் சொல் வேண்டுமென்றால் மதுரைக்காஞ்சியைத் திறந்து பாரும். நடுச்சாமத்து மதுரையில் திரிகிற கள்ளரை மாங்குடி மருதனார் காட்டுகிறார்: இருளோடு இருளாக நீலக் கச்சை, காலில் செருப்பு, கல்லையும் மரத்தையும் துணிக்கிற வாள், நிலத்தைத் தோண்டும் உளி. இடுப்பிலே சுற்றியிருப்பது என்ன தெரியுமா? 'மென்னூல் ஏணி'. நூலேணி! ஹொலிவூட்காரன் கறுப்பு உடுப்பும் கயிறும் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தி. நூலேணிக் கள்ளன் என்று எழுதும், பரீட்சையில் ஒருவரும் வெட்டமாட்டார்கள்.

கள்ளர் கதையென்று வந்த பிறகு சிலப்பதிகாரத்தைத் தொடாமல் விடலாமா? கோவலனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் காவலர், இவன் கள்ளன் மாதிரி இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு ஒரு விரிவுரை நடத்துகிறான். கள்ளருக்குத் துணை எட்டாம்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. இதைவிடச் சுருக்கமாகக் களவுப் படத்துக்குத் திரைக்கதைப் பாடம் எவரும் எழுதவில்லை. ஹோக்கின் பாட்டு இதில் எது? காலம். காவலாளியை உறங்கவைக்கிற மருந்து, நுழைகிற இடம், கருவி எல்லாவற்றையும் இன்றைய படங்களிலும் வரிசையாகப் பார்க்கலாம்.

அதோடு விடாமல் அவன் ஒரு கதையும் சொல்கிறான். ஒரு கள்ளன் பகலில் தூதன் வேடம் போட்டு அரண்மனை வாசலில் இருந்தானாம். இரவில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து, உறங்குகிற இளவரசனின் கழுத்து மாலையைக் கழற்றினானாம். இளவரசன் விழித்து வாளை உருவ, கள்ளன் உறையைப் பறித்துக்கொண்டான். இவன் வெட்ட வெட்ட, அவன் ஒவ்வொரு வெட்டையும் உறைக்குள் வாங்கிக்கொள்கிறான்! சலித்துப்போய் இளவரசன் மற்போருக்குப் பாய, கள்ளன் ஒரு மணித்தூணைக் காட்டிவிட்டு மறைந்துவிட்டான். இளவரசன் தூணோடு மல்லுக்கட்டுகிறான். இதை அப்படியே படமாக்கினால் வளவு சிரிப்பில் அதிராதா? ஒன்று மட்டும் கவனித்தீரா பிள்ளை? களவைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்த அந்தப் பொற்கொல்லன்தான் உண்மையில் சிலம்பை எடுத்தவன். காவலரில் ஒருவருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

இப்படியான படங்களைப் பார்த்து என் மகன் களவு பழகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
*ஒரு தாய், ஒட்டுசுட்டான்*

வரைபடம் கீறி, செக்கன் கணக்குப் பார்த்து, விடிய மூன்று மணிக்கு எழும்புகிற பிள்ளையாக அவன் மாறினால் எனக்கு அறிவியுங்கள் தங்கச்சி, நானே வந்து கணித ரியூசனில் சேர்த்துவிடுகிறேன். போன மாதம் எங்கள் கிணற்றடியில் தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனவன் ஒரு படமும் பார்த்திருக்க மாட்டான். பைப்பை அறுத்திருக்கிற அழகிலேயே தெரிகிறது.

படத்தில் வருகிற லியனார்டோவின் குதிரை உண்மையில் இருந்ததா?
*விவசாயி, பரந்தன்*

இருந்தது, களிமண்ணில். படத்தில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய சின்னச் சிலையாகக் காட்டுகிறார்கள். லியனார்டோ மிலான் பிரபு லுடோவிக்கோ ஸ்ஃபோர்சாவுக்காகச் செய்ய நினைத்தது உலகத்திலேயே பெரிய வெண்கலக் குதிரை. பிரபுவின் தகப்பனாருக்கு நினைவுச்சின்னம். வருடக்கணக்காக இழுத்து, இருபத்துநாலு அடி உயரத்தில் களிமண் மாதிரி செய்து முடித்தார். வார்ப்பதற்கு வெண்கலமும் சேர்ந்துவிட்டது. 1494இல் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் இறங்க, வெண்கலம் முழுவதும் பீரங்கி செய்யப் போய்விட்டது. 1499இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சு வில்லாளிகள் களிமண் குதிரையை இலக்காக வைத்து அம்பெய்து பழகினார்கள். அத்தோடு அதுவும் போனது. அதன் நினைவாக ஒரு வெண்கலக் குதிரை 1999இல்தான் மிலானில் எழும்பியது, 500 வருடத்துக்குப் பிறகு. பொன் செய்கிற யந்திரம் முழுக் கற்பனை.

சிலைக்குச் சேர்த்த உலோகம் பீரங்கிக்குப் போவதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. "பழைய இரும்பு, பித்தளை" என்று ஒலிபெருக்கி கட்டிய லொறி வீதியால் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் குதிரைதான் ஞாபகம் வரும்.

நாங்கள் நாலு நண்பர்கள். கையில் ஒரு ஃபோன் இருக்கிறது, காசு இல்லை. பகிடியான களவுக் குறும்படம் ஒன்று எடுக்க ஆசை. எதைத் திருடலாம்?
*இளைஞர், கிளிநொச்சி*

வங்கி வேண்டாம், நகைக்கடை வேண்டாம். காசில்லாமல் எடுத்தால் பள்ளிக்கூட நாடகம் மாதிரி இருக்கும்.

முதலில் ஜூல்ஸ் டசன் என்ற இயக்குநரின் இரண்டு படங்களைப் பாருங்கள். கம்யூனிஸ்ட் என்று ஹொலிவூட்டில் ஒதுக்கி வைக்க, பிரான்சுக்குப் போய் 1955இல் 'ரிஃபிஃபி' எடுத்தார். அதில் களவு ஏறக்குறைய அரை மணித்தியாலம் நடக்கும். ஒரு வசனம் இல்லை, இசை இல்லை. மேல்வீட்டு நிலத்தில் துளை போடுகிறார்கள். இடிபாடு கீழே விழுந்து சத்தம் வரக்கூடாது. என்ன செய்தார்கள்? துளைக்குள்ளால் ஒரு குடையை இறக்கி, கீழே விரித்து, தூசும் கல்லும் அதற்குள் விழ வைத்தார்கள். ஒரு குடை! 1964இல் அதே ஆள் 'ரொப்காப்பி'யில் தன்னைத் தானே பகிடி பண்ணிக்கொண்டார். அரும்பொருட்சாலை நிலத்தில் எது பட்டாலும் அலாரம் அடிக்கும். கள்ளன் கயிற்றில் தலைகீழாகத் தொங்கித்தான் எடுக்கவேண்டும். பின்னால் வந்த எத்தனையோ படம் அந்தக் கயிற்றில் தொங்கியவைதான்.

இனி உங்கள் வீட்டு வளவைப் பாருங்கள். அப்பு ஒருவர் சாக்குக் கட்டிலில் படுத்துக் காவல் காக்கிற கறுத்தக்கொழும்பான் மாமரம். சுற்றிவரக் காய்ந்த பனையோலையும் மாஞ்சருகும். அதைவிட நல்ல அலாரம் எந்த அரும்பொருட்சாலையில் இருக்கிறது? கால் வைத்தால் சரக். அப்புவின் இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று ஒருவன் எண்ணட்டும். நாயை எப்படிச் சமாளிப்பது என்பதை நீங்களே யோசியுங்கள், எல்லாவற்றையும் நான் சொன்னால் எனக்குச் சம்பளம் தரவேண்டும். ஒன்று மட்டும்: மாம்பழம் எந்தக் கொப்பில், ஓலை எங்கே, கட்டில் எங்கே என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். பார்க்கிறவனுக்கு இடம் தெரியாவிட்டால் பயமும் வராது, சிரிப்பும் வராது.

அண்ணை, உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. அந்த இரவு இருட்டுக்குள்ள கேள்வி கேட்ட பொடியன் நான்தான். இப்ப எனக்கு ரெண்டு பிள்ளையள். நீங்கள் அண்டைக்கு "குடிச்சவன்" எண்டு சொன்னது மெய்யோ?
*புதுக்குடியிருப்பு*

தம்பி, அன்றைக்கு நான் சொன்னது பொய். முடிவு எனக்கும் தெரியாது. அடுத்த நாளே பெற்றோல் வாங்கிப் பார்த்திருக்கலாம். தட்டை யாரோ இரவலாகக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. ரீவி 2009 தொடக்கத்தில் கொட்டிலோடு போய்விட்டது. அந்தப் படங்கில் இருந்த எத்தனையோ முகங்களும்.

பிறகு மீள்குடியேறி, கரண்ட் வந்து, கிளிநொச்சி மட்டும் ரயிலும் ஓடத் தொடங்கிய வருடம், 2013, மகன் கொம்பியூட்டரில் இந்தப் படத்தை இறக்கி வைத்திருந்தான். இரவு எல்லாரும் படுத்த பிறகு, எங்கே அணைந்ததோ அந்த இடத்திலிருந்து பார்த்தேன். கோட்டை இடிகிறது. பள்ளத்தில் விழுந்து வெடித்த காரில் செத்துப்போனான் என்று நாங்கள் நினைத்த டொமி, உடுப்பில் கொஞ்சம் கரியோடு வந்து நிற்கிறான். காற்றுப்பை காப்பாற்றியதாம். அதை நம்புகிறதும் விடுகிறதும் உம்முடைய விருப்பம். கடைசியில் வெயில் நேரம், ஒரு மேசை, கோப்பை ஒன்று வருகிறது. நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். எங்கே, இன்னும் ஏதாவது வந்து தட்டிவிடுமோ என்று.

வாயில் வைத்தான்.

"குடிச்சிட்டான்!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன் போல. அறைக்குள்ளிருந்து மனுசி நித்திரைக் குரலில், "ஆர்? என்னத்தைக் குடிச்சது?" என்றாள்.